அரசாங்கத்துக்குச் சொன்ன விலை

எங்கள் ஊரில் நாலு வருஷமாகப் புழுங்கல் அரிசி விலை பெரிதாக ஏறவே இல்லை. துவரம்பருப்பும் அப்படித்தான். வருஷத்துக்கு ஏதோ ஒன்றிரண்டு ரூபாய். கேட்கிறவர்கள் சிரிப்பீர்கள், ஆனால் அரசாங்கத்தின் விலைவாசிக் கணக்கில் அப்படித்தான் இருக்கும். அது பொய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பொய்யைச் சொன்னவளே நான்தான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், வல்லம் வடகாலுக்குத் திரும்புகிற பக்கம் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. மாமனார் நெல் போட்டுக்கொண்டிருந்த ஒன்றேகால் ஏக்கர் தொழிற்பேட்டைக்குப் போனது. வந்த நஷ்டஈட்டில் பாதியில் கடையும், பின்னால் வாடகைக்கு விட ஒரு சின்ன வீடும் கட்டினோம். மீதியை அஞ்சலகத்தில் போட்டோம். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். கடை என் பொறுப்பு. நான் காஞ்சிபுரத்தில் பி.காம். படித்தவள். விலைவாசிக் குறியீட்டெண் கணக்கு போட்டு நல்ல மார்க் வாங்கியவள். அந்தக் கணக்கில் வரும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவாக்கில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் சிலேட்டு அளவுக்கு ஒரு கருவி.

"அரிசி கிலோ எவ்ளோம்மா?" என்றார்.

"எந்த அரிசி சார் வோணும்?"

"வாங்க வரலம்மா. வெல எழுதிகினு போவ வந்துகிறேன்."

அதற்கு முந்தின வாரம்தான் நாலு கடை தள்ளி ஒருவருக்குத் தண்ணீர் பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றதற்காக அபராதம் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பால் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கூட வைத்துத்தான் விற்போம். ஃபிரிட்ஜ் ஓடுகிற கரண்ட் பில்லை யார் கட்டுவது? வாங்குகிறவர்களுக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு வீட்டுக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்து வந்து என் காதருகில், "எல்லாத்தையும் கம்மியா சொல்லு. இவனுங்க எதுக்கு வர்றானுங்கன்னு உனுக்கு இன்னா தெரியும்?" என்றார். வாசலில் அன்றைய விலையைச் சாக்பீஸில் எழுதி மாட்டியிருந்த பலகையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டேன்.

வந்தவர் பொறுமையாக விளக்கினார். நாட்டில் விலைவாசி எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க ஆயிரக்கணக்கான கடைகளில் மாசா மாசம் விலை கேட்கிறார்களாம். எங்கள் கடையும் அதில் ஒன்றாம். பேர் வெளியே வராதாம், வரிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். வரிக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு அரசாங்க ஆள் வந்து சொன்னால் எங்கள் பக்கத்தில் முதல் வேலையாக ரசீதுப் புத்தகத்தை எடுத்து ஒளித்து வைப்போம். நானும் அதைத்தான் செய்தேன். பாலுக்கு அச்சிட்ட விலையைச் சொன்னேன். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் மொத்தக் கடையில் எனக்கு விழுந்த விலைக்கும் கீழேயே சொல்லிவைத்தேன். கொள்ளை லாபக்காரி என்று யாரும் எழுதிவிடக் கூடாது பாருங்கள்.

அதற்குப் பிறகு மாசா மாசம் வந்தார். நல்ல மனிதர். கால் வலிக்க அத்தனை கடை ஏறி இறங்குகிறாரே என்று டீ போட்டுக் கொடுப்பேன். அவர் வரும் செவ்வாய்க்கிழமை பலகை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். முதல் மாசம் சொன்னதை வைத்துத்தானே அடுத்த மாசம் சொல்லியாக வேண்டும்? அதனால் எப்போதாவது ஐம்பது காசு, ஒரு ரூபாய் என்று நல்லபிள்ளையாக ஏற்றிக்கொண்டு வந்தேன். தீபாவளி மாசத்தில் மட்டும் கொஞ்சம் தாராளம். நாலு வருஷத்தில் என் வாயிலிருந்த அரிசி ஐம்பத்திரண்டு ரூபாய்க்கு வந்திருந்தபோது கடையில் நான் விற்ற அரிசி அறுபத்தெட்டு. அவர் ஒரு தடவைகூட மூட்டையில் குத்தியிருந்த விலைச் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் தெற்கத்திப் பிள்ளைகள். ரூமுக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்களில் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவரை நான் கமிட்டித் தம்பி என்றுதான் சொல்வேன். ஒரகடத்தில் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷமாக வேலை. சங்கத்தின் பேச்சுவார்த்தைக் கமிட்டியில் இருந்தார். மனைவியும் ஏழு வயது மகளும் ஊரில். வருஷத்துக்கு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற சம்பள ஒப்பந்தம் அந்த வருஷம் முடிந்து, புதிதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கேட்ட தொகை கிடைத்தால் எங்கள் பின்வீட்டுக்குக் குடித்தனம் வருவது, ஜூனில் மகளை இங்கேயே இரண்டாம் வகுப்பில் சேர்ப்பது என்று முடிவாகியிருந்தது. அட்வான்ஸ் வாங்காமலே வீட்டை அவருக்காகப் பூட்டி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கட்டில் எந்தப் பக்கம் போட்டால் பிள்ளைக்குக் காற்று வரும் என்று முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், முதல் ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்து உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"இன்னா தம்பி, பேச்சு இன்னா ஆச்சு?"

"கம்பெனிக்காரவிய ஒரு பேப்பரைக் காட்டுதாவக்கா. கவர்மெண்டுப் பேப்பரு. வெலவாசி ஒண்ணும் பெருசா ஏறலையாம். மத்திய வங்கி நாலு சதவீதம்னு கோடு போட்டு வச்சிருக்காம், அதுக்குப் பக்கத்துலயே அடங்கிட்டாம். பெறகு எதுக்கு இவ்வளவு கேக்கியங்காவ."

"நீ இன்னா சொன்ன?"

"எங்க அக்கா கடைக்கு வந்து பாருங்க சார்னு சொன்னேன். சிரிக்காவ. ஒரு கடைய வச்சி நாட்டுக் கணக்கு பேச முடியுமாங்காவ." பிறகு, "அந்தக் கணக்குக்கு யாருக்கா போயி வெல கேக்கா? நம்ம பக்கம்லாம் வருவாவளா?" என்றார்.

நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து முடித்து, பொட்டலம் கட்டி, நூலை அறுத்து, அவர் கையில் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு ஒரே கொதிப்பு. யார்மேல் என்று தெரியாமல் வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தேன். படித்ததெல்லாம் அன்றைக்குத்தான் ஒன்றோடொன்று ஒட்டியது.

கடை வைத்திருப்பவளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஒரு சிப்பம், அதாவது இருபத்தைந்து கிலோ அரிசியைக் கடனுக்குக் கொடுத்து, அந்தப் பணம் வருஷம் கழித்துத் திரும்பி வந்தால், அதைக் கொண்டுபோய் மொத்தக் கடையில் நீட்டும்போது முழுச் சிப்பம் வராது. இரண்டு மூன்று கிலோ குறையும். அந்த அரிசி எங்கே போனது? கடன் வாங்கினவர் வீட்டில் வெந்து சோறானது. விலை ஏற ஏற, வாங்கினவருக்குக் கடன் இளைக்கும், கொடுத்தவருக்கு நஷ்டம் ஏறும். அதை ஈடுகட்டத்தான் வட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

நாட்டிலேயே பெரிய கடன்காரர் அரசாங்கம். நோய்க்காலத்தில் கம்பெனிகளெல்லாம் பூட்டிக் கிடந்தபோது மேலும் மேலும் கடன் வாங்கியது. வாங்கியது தப்பென்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு ரேஷன் அரிசி வராமல் இருந்திருந்தால் இந்த ரோட்டில் பாதிப்பேர் பட்டினி. அரசாங்கம் எழுதிக்கொடுத்த கடன் பத்திரங்களில் ஒரு பங்கை மத்திய வங்கி சந்தையிலிருந்து வாங்கிக்கொண்டு புதுப்பணத்தை வெளியே விட்டது என்றும் பேப்பரில் படித்தேன். சரி, ஆபத்துக்குப் பாவமில்லை. அதன்பிறகு விலை ஏறியது. அதற்கு எண்ணெய், சண்டை, மழை என்று ஆயிரம் காரணம் சொன்னார்கள், அதுவும் இருக்கலாம். ஆனால் விலை ஏறினால் ஏறியது என்று எழுதித் தொலைக்க வேண்டாமா?

கணக்கில் விலை ஏறவில்லை என்றால் என்ன நடக்கும் தெரியுமா? மத்திய வங்கி அந்த எண்ணைப் பார்த்து, விலைவாசி அடங்கிவிட்டது என்று வட்டியை இறக்கும். அரசாங்கத்துக்கு அடுத்த கடன் மலிவாகக் கிடைக்கும். பழைய கடனோ உண்மை விலையேற்றத்தில் தானாகவே கரைந்துகொண்டிருக்கும். கடன்காரருக்கு இரண்டு பக்கமும் லாபம். கடன் கொடுத்தவர் யார்? அஞ்சலகத்தில் பணம் போட்ட எங்களைப் போன்றவர்கள். அந்தப் பணம் அரசாங்கத்துக்கு நாங்கள் கொடுத்த கடன் இல்லாமல் வேறென்ன? நெல் விளைந்த நிலத்தை வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தார்கள், அந்தப் பணத்தைத் திரும்ப அவர்களிடமே கொடுத்துவைத்தோம், இப்போது அது வருஷா வருஷம் ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று இளைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நானே மாசா மாசம் டீ போட்டுக் கொடுத்து ஒத்தாசை செய்திருக்கிறேன்.

என் ஒரு கடைப் பொய்யால் நாட்டுக் கணக்கு சாய்ந்துவிடாது, அது எனக்கும் தெரியும். நூலளவு, அதிலும் பாதி. ஆனால் அட்டை மாட்டிய ஆளைப் பார்த்துப் பயந்தவள் நான் ஒருத்திதானா? மற்ற கடைக்காரர்கள் எல்லாம் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகளா? பயப்படும்படி ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்திடம் போய் உண்மையைச் சொல் என்று கேட்டு, சொன்னதைக் கூட்டிக் கழித்து, புள்ளி வைத்து, இதுதான் நாட்டின் விலைவாசி என்று ஒருவர் மைக் முன்னால் படிக்கிறார். அதை எடுத்துக்கொண்டு இன்னொருவர் கமிட்டித் தம்பிக்கு முன்னால் நீட்டுகிறார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பலகையை ரோட்டைப் பார்க்க மாட்டினேன். விலை எடுக்க வருகிறவர் வந்து உட்கார்ந்ததும், "சார், இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. போர்டைப் பாத்து எழுதிக்கோங்க" என்றேன்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். கருவியில் அரிசிக்கு அறுபத்தெட்டு என்று தட்டினார். சிவப்பாக ஏதோ வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு.

"போன மாசம் அம்பத்திரண்டும்மா. ஒரே மாசத்துல பதினாறு ரூபா ஏறாது. மிஷின் ஒத்துக்க மாட்டேங்குது."

"ஒரே மாசத்துல ஏறல சார். நாலு வருஷமா ஏறிச்சு. நான்தான் உங்களாண்ட கம்மியா சொல்லிகினு இருந்தேன். பயந்துகினு சொன்னேன்."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் எங்கியும் சொல்லாதீங்கம்மா. நாலு வருஷக் கணக்கத் திருப்பி எடுன்னு சொன்னா நான் எங்க போவேன்? நான் கான்ட்ராக்ட் ஆளு" என்றார்.

"அப்போ இன்னிக்கு வெலையாவது எழுதுங்க சார்."

"எழுதலாம். காரணம் சொல்லணும். இதோ லிஸ்ட் கீது பாருங்க. பண்டிகை, மழை, வரத்துக் கம்மி, ரகம் மாறிடுச்சு. கடைக்காரங்க பொய் சொன்னாங்கன்னு இதுல ஒண்ணும் இல்லியே."

கொஞ்சம் யோசித்துவிட்டு, ரகம் மாறிடுச்சு என்பதை அழுத்தினார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அப்படியென்றால் என்ன சார் என்று கேட்டேன். பழைய அரிசி இப்போது கிடைப்பதில்லை, அதற்குப் பதிலாக உசத்தியான அரிசி வந்திருக்கிறது என்று அர்த்தமாம். புது ரகத்துக்கு இது முதல் மாசமாம். இனிமேல் ஏறினால்தான் ஏற்றமாம். பருப்புக்கும் எண்ணெய்க்கும் அதையே அழுத்தினார்.

நாலு வருஷம் மறைத்த பதினாறு ரூபாயை நான் வெளியே எடுத்து வைத்தேன். அவர் அதை ஒரே அழுத்தில் காணாமல் அடித்துவிட்டார். விலை ஏறவில்லையாம், எங்கள் ஊர் ஜனங்கள் உயர்ந்த சாப்பாடு சாப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். ஆறு பேர் ஒரு ரூமில் படுத்துக்கொண்டு, ரசத்துக்குப் பருப்பு போடுவதா வேண்டாமா என்று சண்டை போடுகிற பிள்ளைகள்.

"கேட்டு எழுதற ஆளு, எதிர்க்க மூட்டைல குத்திகிற வெலச் சீட்ட இத்தினி வருசத்துல ஒரு தபா பாக்கக் கூடாதா சார்?" என்று கேட்டேன். பாதி எனக்கே கேட்டுக்கொண்டதுதான்.

"சொல்றதத்தான் எழுதணும்மா" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டார். போகும்போது டீக்கு நன்றி சொன்னார்.

அந்த மாசக் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கமிட்டியில் இருந்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வேலைநிறுத்தம் என்றால் கான்ட்ராக்ட் பிள்ளைகளை வைத்து லைனை ஓட்டிவிடுவார்கள் என்ற பயம். கமிட்டித் தம்பி மாசச் சாமான் வாங்க வந்தார். லிஸ்டைக் கொடுக்கும் முன்னால், "அக்கா, அந்தப் பின்வீட்டுக்கு வேற ஆளு வந்தா குடுத்திருங்க" என்றார்.

"ஏன் தம்பி, வாடகை கொறச்சுக்கலாம்."

"வாடகை மட்டுமாக்கா? பள்ளிக்கூடத்துக்குக் கெட்டணும், மூணு பேரு திங்கணும்லா. கூட்டிப் பாத்துட்டோம். காணாது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். விலை கேட்க வந்த ஆள், திருப்பி மாட்டிய பலகை, ரகம் மாறின அரிசி எல்லாவற்றையும். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எவ்வளவுன்னு சொன்னிய?" என்றார்.

"அம்பத்திரண்டு."

"பருப்பு?"

"நூத்தி முப்பத்தஞ்சு." கடையில் விற்றது நூற்று எழுபது.

அவர் லிஸ்டை எடுத்து என் முன்னால் வைத்தார். சத்தம் போடவில்லை. "அப்பம் அந்த வெலைக்கே எனக்கும் போடுங்க. அந்த வெலைய வச்சித்தான எனக்குச் சம்பளம் பேசுனாவ."

அறுபத்திமூன்றுக்கு வாங்கின அரிசியை ஐம்பத்திரண்டுக்கு எப்படிக் கொடுப்பது? ஒருவருக்குக் கொடுத்தால் ரூமில் இருக்கிற ஆறு பேரும் கேட்பார்கள், ஆறு பேர் கேட்டால் ரோடே கேட்கும். மூன்று மாசத்தில் கடையை மூட வேண்டியதுதான். மனசுக்குள் இந்தக் கணக்கு அத்தனை வேகமாக ஓடியது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"முடியாது தம்பி" என்றேன். "எனக்கே அறுபத்திமூணுக்குத்தான் வுழுது."

"தெரியும்க்கா" என்றார். "சும்மா கேட்டேன்." சாமானைப் பாதியாகக் குறைத்து வாங்கிக்கொண்டு முழு விலையையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இன்றைக்கும் எனக்கு அந்தக் குறை இருக்கிறது.

பின்வீட்டை நாலு கம்பெனிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விட்டேன். குடும்பத்துக்கு விட்டால் வருவதைவிட அதில் கூடவே வருகிறது. ஜூன் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறந்தபிறகு ஒரு நாள் கமிட்டித் தம்பி கடை வாசலில் நின்று ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று போனை என்னிடம் நீட்டினார். "பிள்ள கேக்கா. நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் கண் வேறு எங்கோ இருந்தது.

ரெட்டை ஜடையும் சீருடையுமாக ஒரு குழந்தை. முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"அத்தே, வீட்டுக்கு வெள்ளையடிச்சி முடியலன்னு அப்பா சொல்லுதாவ. எப்பம் முடியும்?"

பின்வீட்டுக் கொடியில் நாலு பேருடைய யூனிபார்மும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. போனை அந்தப் பக்கம் காட்டாமல் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் ஒரு சுவரு பாக்கி கீது கண்ணு" என்றேன்.